ஆட்டக்காரருக்கு வரி விலக்கு: ஆதாயம் யாருக்கு?

நிக்கோ இயமலியாவா 2025 ஏப்ரலில் டென்னசி பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பினார். அமெரிக்கக் கால்பந்தில் அவர் குவார்ட்டர்பேக். பந்து யார் கைக்குப் போகவேண்டும் என்று நொடிப்பொழுதில் முடிவு செய்கிற இடம் அது. முந்தைய பருவத்தில் அணியைத் தேசிய பிளேஆஃப் சுற்றுவரை கொண்டுபோனவர். அவருடைய ஒப்பந்தம் ஆண்டுக்கு 20 லட்சம் டாலரைத் தாண்டியது என்றும், அதைக் கூட்டித் தரும் பேச்சு முறிந்துவிட்டது என்றும் பத்திரிகைகள் எழுதின. பணத்துக்காக அல்ல, குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கவே வந்தேன் என்றார் அவர். போய்ச் சேர்ந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ.

டென்னசியில் உழைத்துச் சம்பாதிக்கும் பணத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். நாட்டிலேயே அதுதான் அதிகம். அங்கே 10 லட்சம் டாலர் சம்பாதிக்கும் தனியாள் மாநிலத்துக்கு மட்டுமே சுமார் ஒரு லட்சம் டாலர் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். டென்னசியில் அதே பணத்துக்கு அந்தக் கணக்கே இல்லை.

அதே ஏப்ரலில் ஆர்கன்சா மாநில ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து ஈட்டும் வருமானத்துக்கு மாநில வருமான வரியிலிருந்து விலக்கு. இப்படி ஒரு விலக்கைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் ஆர்கன்சாதான். ஜார்ஜியா, லூசியானா போன்ற மாநிலங்களிலும் இதே பாணியில் மசோதாக்கள் வந்தன.

நம் வாசகர்களுக்கு இதில் முதலில் இடறக்கூடியது ‘மாநில வருமான வரி’ என்ற சொல்லே. இந்தியாவில் வேளாண் வருமானம் நீங்கலாக, வருமான வரி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறினால் வருமான வரி விகிதம் மாறாது. அமெரிக்காவில் ஒன்றிய அரசு ஒரு வரி போடும், அதற்கு மேல் மாநிலம் தன் பங்குக்கு இன்னொன்று போடும். டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசி, நெவாடா போன்ற சில மாநிலங்கள் சம்பாத்தியத்துக்கு வரியே வைப்பதில்லை. மற்றவை தங்கள் இஷ்டப்படி விகிதம் வைத்துக்கொள்கின்றன. 2025இல் ஆர்கன்சாவின் உச்ச விகிதம் 3.9 சதவீதம்.

கல்லூரி வீரர்கள் சம்பாதிப்பதே புதிய விஷயம். பல பத்தாண்டுகளாக அவர்களுக்குப் படிப்பு உதவித்தொகை மட்டும்தான். மைதானம் நிறைய ரசிகர்கள், தொலைக்காட்சி உரிமம், பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம் என்று சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வாழ்ந்தார்கள். ஆடியவர் தன் கையெழுத்தை விற்றால் ஆட்டத் தடை விழுந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் இந்தக் கட்டுப்பாட்டை முதலில் அசைத்த மாநிலம் கலிஃபோர்னியா. 2019இல் அது இயற்றிய சட்டம், பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையை வீரர்களுக்குத் தந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அது படிப்பு சார்ந்த சலுகைகள் பற்றிய வழக்குதான் என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத்துக்குக் கதவு திறந்தது.

அடுத்த கதவு 2025 ஜூன் 6 அன்று திறந்தது. என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு, பல்கலைக்கழகங்களே தங்கள் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். ‘என்.ஐ.எல்.’ என்று மூன்றெழுத்தில் அங்கே சொல்கிறார்களே, அந்தப் பெயர், உருவம், அடையாளம் என்ற பையில் இப்போது ஷூ விளம்பரமும் இருக்கிறது, ரசிகர் குழுக்கள் திரட்டித் தரும் பணமும் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் காசோலையும் இருக்கிறது.

இந்தப் பணத்துக்கு எந்த மாநிலம் வரி கேட்கும்? இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளை படிக்கும் மாநிலம்தான் அவனுடைய மாநிலம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் பார்ப்பது அவனுடைய நிரந்தர வீட்டை. படிக்கப் போனதாலேயே அது மாறிவிடாது. ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த ஒரு பையன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் உரிமம் ஜார்ஜியாவுடையது, வாக்காளர் பெயர் அங்கே, விடுமுறைக்குத் திரும்புவதும் அம்மா வீட்டுக்கு. அப்படியானால் அவன் இன்னும் ஜார்ஜியாவாசிதான். ஒரு மாநிலம் தன் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் அந்த முழு வருமானத்துக்கும் வரி கேட்கலாம். டெக்சஸில் வரி இல்லை என்று சந்தோஷப்பட்டவனுக்கு அட்லாண்டாவிலிருந்து கடிதம் வரும்.

திசை மாறினாலும் கதை உண்டு. வேறு மாநிலத்துக்குப் போய் ஒரு நாள் விளம்பரப் படப்பிடிப்பில் நின்றால், அந்த ஒரு நாள் கூலிக்கு அந்த மாநிலமும் கை நீட்டலாம். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி விழாமலிருக்க, வேறு மாநிலத்தில் கட்டியதைச் சொந்த மாநிலம் பொதுவாகக் கழித்துத் தரும். ஆனால் அதைக் கேட்டு வாங்க இரண்டு மாநிலங்களிலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். இருபது வயதுப் பிள்ளை, காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, பத்து மணிக்கு வகுப்பு. இதற்கு நடுவே இந்தக் கணக்கு.

தொழில்முறை வீரர்களுக்கு இது பழகிய தலைவலி. 1991இல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் லேக்கர்ஸை வென்று கோப்பையைத் தூக்கியது. ஆடிய நாட்களுக்கான வருமானத்தில் கலிஃபோர்னியா வரி கேட்டது. கோபப்பட்ட இல்லினாய் (சிகாகோ இருக்கும் மாநிலம்), தன் வீரர்களிடம் வரி வாங்கும் மாநிலங்களின் வீரர்களிடம் தானும் வாங்குவதென்று சட்டம் போட்டது. புல்ஸ் நட்சத்திரத்தின் பெயரில், மைக்கேல் ஜோர்டனின் பழிவாங்கல் என்று அதற்குப் பட்டப்பெயர். அன்றிலிருந்து இந்த ‘ஆட்டக்கார வரி’ மாநிலம் மாநிலமாகப் பரவியது. கல்லூரி வீரர்கள் ஊழியர்கள் அல்ல, அவர்களுக்குத் தருவது சம்பளமும் அல்ல என்று என்.சி.ஏ.ஏ. சொல்லிவருவதால், வெளியூர் ஆட்டங்களுக்கு நாள் கணக்கில் வரி போடும் இந்த முறைக்கு இன்னும் அவர்கள் தப்பியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊழியர்களாகவும் இருக்கக்கூடும் என்று 2024 ஜூலையில் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியிருக்கிறது. அது உறுதியாகும் நாளில் ஒவ்வொரு வெளியூர்ப் பயணத்துக்கும் ஒரு வரிக்கணக்கு சேரும்.

இப்போது ஆர்கன்சாவுக்குத் திரும்புவோம். சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆர்கன்சா பல்கலைக்கழகம் ஆடுவது எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு லீக்கில். 16 பல்கலைக்கழகங்களில் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டென்னசி, வாண்டர்பில்ட், ஃபுளோரிடா ஆகிய ஐந்தும் வருமான வரி இல்லாத மாநிலங்களில் இருக்கின்றன. ஒரே தொகையை இரண்டு பேர் நீட்டும்போது வரி இல்லாத கையைத்தான் வீரன் பிடிப்பான். நாங்கள் சமநிலைக்கு வருகிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். ஆட்ட வாழ்க்கை குறுகியது, ஒரு முழங்கால் காயத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் உண்மை.

இருந்தும் இந்த விலக்கு தவறானது என்றே நான் கருதுகிறேன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

10 லட்சம் டாலர் வாங்கும் குவார்ட்டர்பேக்குக்கு இந்த விலக்கால் மிச்சமாவது 38,000 டாலருக்கு மேல். அதே வளாகத்தில் ஒரு நீச்சல் வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். உள்ளூர்க் கடைகளுக்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து, செலவு போக ஆண்டில் 12,000 டாலர் சேர்த்திருக்கிறாள். அவளுக்கு ஆர்கன்சாவின் மாநில வரி நூறு டாலருக்குள் அடங்கிவிடும். விலக்கு தந்தால் அவளுக்கு மிஞ்சுவது அவ்வளவே.

அவளை உண்மையில் அடிப்பது வேறொரு வரி. விளம்பரப் பணம் சம்பளம் அல்ல, சுயதொழில் வருமானம். லாபம் 400 டாலரை எட்டினாலே சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவக் காப்புக்குமாக 15.3 சதவீத சுயதொழில் வரி தொடங்கிவிடுகிறது. சம்பளக்காரர் என்றால் அதில் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே முதலாளியும் அவளே. 12,000 டாலருக்கு அது சுமார் 1,700 டாலர். ஒன்றிய வருமான வரி அவளுக்கு ஒரு டாலர்கூட வராது, ஏனென்றால் நிலையான கழிவே அதைவிட அதிகம். அதனால்தான் “நமக்கு வரி வராது” என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நம் ஊர் டி.டி.எஸ். போல முன்கூட்டிப் பிடித்தமும் இல்லை. பணம் முழுசாகக் கைக்கு வருகிறது, செலவாகிறது. ஏப்ரல் 15 நெருங்கும்போது 1,700 டாலர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பணமாக வராததற்கும் வரி உண்டு: கார் விற்பனையாளர் ஓட்டக் கொடுத்த வண்டியின் வாடகை மதிப்பும் வருமானம்தான். வண்டியை விற்று வரி கட்ட முடியாது, அது அவளுடையதல்ல.

ஆர்கன்சாவின் சட்டம் இந்த 1,700 டாலரைத் தொடுவதில்லை. ஒன்றிய வரியைத் தொட மாநிலத்துக்கு அதிகாரமும் இல்லை.

அப்படியானால் சலுகை யாரிடம் போகிறது? ஹவுஸ் சமரசத்தில் பழைய வீரர்களுக்கான இழப்பீட்டைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: பெரிய லீக்குகளின் வீரர்களுக்கான பெரும்பகுதியில் சுமார் 75 சதவீதம் அமெரிக்கக் கால்பந்துக்கு, 15 ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சமுள்ள 5 மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும். பணம் எந்த வாய்க்காலில் ஓடுகிறதோ அதே வாய்க்காலில்தான் விலக்கும் ஓடும். குவார்ட்டர்பேக்கின் 38,000 டாலர்கூட முழுக்க அவருடையது அல்ல. வரி இல்லாததைச் சொல்லியே பல்கலைக்கழகம் அவருக்குக் கொஞ்சம் குறைத்துப் பேசலாம். அந்த மிச்சம் ஆள்பிடிக்கும் நிதிக்குப் போகும். மாநிலக் கருவூலம் அணிக்குத் தரும் மானியம் இது என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஃபேயட்வில் ஊரில் வகுப்பு முடிந்து கடையில் அட்டைப்பெட்டி அடுக்கும் மாணவனும் இருக்கிறான். அவனுடைய கூலியிலிருந்து மாநில வரி வாராவாரம் பிடித்தமாகிறது. அவனும் இருபது வயதுக்காரன், அவனுக்கும் முதுகு வலிக்கும். அவனுக்கு யாரும் மசோதா கொண்டுவரவில்லை.

வெளிநாட்டிலிருந்து போகும் மாணவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். மதுரைக்காரரான டென்னிஸ் வீரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் நார்த் கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் என்பது பலருக்குத் தெரியும். அந்த வழியில் போக நினைக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் கூடிவருகிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் விளம்பர வேலை செய்தால் விசாவே ஆபத்துக்குள்ளாகும். காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷீப்வே கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரமாக இருந்தபோது, 2022இல் அணி பஹாமாஸ் போன சமயத்தில் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். விசாவே கவலையாக இருந்த அவருக்கு மாநில வரி விலக்கு பேச்சுக்கே வராத விஷயம்.

மாநிலங்கள் வீரர்களுக்கு உண்மையாகவே உதவ நினைத்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பல்கலைக்கழகம் தரும் காசோலையில், வீரர் கேட்டால், வரியை அப்போதே பிடித்துக்கட்ட வழி செய்யலாம். ஒவ்வொரு விளையாட்டுத் துறையிலும் ஒரு கணக்காளரைச் சம்பளத்துக்கு அமர்த்தச் சொல்லலாம். பயிற்சியாளருக்குத் தருவதில் ஒரு சிறு துளி போதும் அதற்கு. விலக்குதான் வேண்டுமென்றால் சிறு தொகைக்கு ஒரு வரம்பு வைத்து, உழைத்துப் படிக்கும் எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகத் தரலாம்.

அதுவரை வீட்டில் செய்யவேண்டியது இது. பணம் வந்த அன்றே அதில் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். லட்சங்களில் வந்தால் இன்னும் கூடுதலாக. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15ஆம் தேதிகளில் முன்வரி கட்டவேண்டி வரலாம். பயணம், முகவர் கட்டணம் போன்ற செலவுகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பிள்ளையின் பர்ஸைத் திறந்து, உள்ளே இருக்கும் ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்தினுடையது என்று ஒருமுறை பாருங்கள்.