பிரசவம் பார்க்க மிட்வைஃப்: கூடங்குளத்துப் பெண்ணுக்கு இது எப்போது கிடைக்கும்?

கூடங்குளத்தில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு நள்ளிரவில் வலி எடுத்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "எந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்?" என்பதுதான். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. கொஞ்சம் சிக்கல் என்றாலும் வண்டி வள்ளியூருக்கோ நாகர்கோவிலுக்கோ திரும்பும். பெரிய அரசு ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. சுமார் 70 கிலோமீட்டர்.

இந்த அவசரத்தில் பிள்ளை பெறப்போகிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கணும்? படுத்தே கிடக்கணுமா, எழுந்து நடக்கலாமா? சிசேரியன் என்றால் எதற்காக? இதையெல்லாம் கேட்டால், "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்ற பதில்தான் வரும்.

என்ன கேட்கிறார்கள்?

உலகம் முழுவதும் மிட்வைஃப் வழிப் பிரசவத்துக்காகக் குரல் கொடுப்பவர்கள் இந்தக் கேள்விகளைத்தான் முன்வைக்கிறார்கள். 'பெண்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஒயிட் ரிப்பன் அலையன்ஸ் அமைப்பு 114 நாடுகளில், சுமார் 12 லட்சம் பேரிடம் கேட்டது. முதலிடம் பிடித்த பதில், மரியாதையான கவனிப்பு. மருந்து, கட்டடம், ஆம்புலன்ஸ் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஹங்கேரியில் இது நீதிமன்றம் வரை போனது. வீட்டுப் பிரசவங்களுக்கு உதவிய ஆக்னஸ் கெரேப் என்ற மகப்பேறு மருத்துவர் 2010 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில், டெர்னோவ்ஸ்கி என்ற பெண் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், எந்தச் சூழலில் பிள்ளை பெறுவது என்பதும் ஒருவரது தனிப்பட்ட வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. கெரேபுக்கு மன்னிப்புக் கிடைக்க 2018 வரை ஆனது.

அப்போ வீட்டிலேயே பெத்துக்கலாமா?

இல்லை. இங்கேதான் நம்ம ஊரில் விவாதம் தடம் புரள்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் இளம்பெண் ஒருவர் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அதன்பிறகு 'இயற்கைப் பிரசவம்' என்றாலே பலருக்கு அந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது. பயம் நியாயமானது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற மிட்வைஃப் யாரும் இல்லை.

மிட்வைஃப் என்பவர் நர்ஸிங் முடித்து, பிரசவத்துக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவர். சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தானே பார்ப்பார். ஆபத்தின் அறிகுறி தெரிந்ததும் டாக்டரிடம் ஒப்படைப்பார். ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே டாக்டரின் பொறுப்பு. பழைய மருத்துவச்சியின் மறுவருகை என்று இதைக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ராத்திரியில் பிரசவத்துக்குக் கூப்பிட்ட அதே குடும்பங்களை, விடிந்ததும் சாதி சொல்லி ஒதுக்கிய ஊர்கள்தானே நம்முடையவை!

தமிழ்நாட்டுக்கு இது எதற்கு?

நம்முடைய சாதனை பெரியது. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்கில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியாரில் மட்டும் 63.8. முந்தைய ஆய்வில் (2015-16) மொத்தமே 34.1 தான். சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டியபின் அதனால் இறப்புகள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. தேவையான ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட பாதித் தாய்மார்களுக்கு அது தேவையா?

மிட்வைஃப் இருந்தால் இது சட்டென்று குறைந்துவிடாது. 18,533 பெண்களை உள்ளடக்கிய 17 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை (2024), சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் ஓரளவே குறைவதாகச் சொல்கிறது; தங்கள் அனுபவம் நன்றாக இருந்தது என்று சொன்ன பெண்கள்தான் அதிகம். இவை பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் மிட்வைஃபரி வழிகாட்டுதலை வெளியிட்டது. நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி, மருத்துவமனைக்குள்ளேயே மிட்வைஃப் நடத்தும் பிரசவப் பிரிவு என்பது திட்டம். இதற்கு முன்பே ஹைதராபாத்தில் டாக்டர் எவிட்டா பெர்னாண்டஸ் இதற்காகப் பேசியும் பயிற்சி கொடுத்தும் வந்தார்; தெலங்கானா அரசு 2017-இல் கரீம்நகரில் நர்ஸ்களுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. 2023-இல் வந்த தேசிய நர்ஸிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தின் பெயரிலேயே மிட்வைஃபரி இருக்கிறது.

ஆனால் இந்தப் பிரிவுகள், பிரசவம் அதிகம் நடக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கே முதலில் வரும். அதாவது ஹைகிரவுண்டுக்கு வரலாம், ராதாபுரம் தாலுகாவுக்கு இப்போதைக்கு இல்லை. இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல் பெண்களுக்கு இதனால் பயன் வேண்டுமென்றால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்போதே பிரசவம் பார்க்கிற ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். கூடவே 108 உடனே வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆபத்து. அணு உலைக்கு எதிராக மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த பெண்கள் இருக்கும் கரை இது. கேட்பதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போதே என்ன கேட்கலாம்?

செக்கப்புக்குப் போகும்போதே கேளுங்க: பிரசவ அறைக்குள் என் அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாமா? அரசு மருத்துவமனைகளில் பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. வலி வந்தபின் நடக்கலாமா, எனக்கு வசதியான நிலையில் இருக்கலாமா? பிறப்புறுப்பில் எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுப் போடுவீங்களா? இந்த வழக்கம் வேண்டாம் என்றும், துணையும் நடமாட்டமும் வேண்டும் என்றும் 2018 உலக சுகாதார நிறுவனப் பரிந்துரையில் இருக்கிறது. சிசேரியன் என்று சொன்னால், காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்க. கணவர்மாரே, இதை நீங்களும் கேட்கலாம். வலியில் இருக்கிறவளால் வாதாட முடியாது.