பூஸ்டரைக் கழற்றும் முன்

"பூஸ்டர் போய்விட்டது, புதுசு கிடைக்காது. கழற்றிப் போட்டுவிட்டு மேனுவல் பிரேக் ஆக்கிவிடலாம்." பழைய கான்டஸ்ஸாவோ, பிந்திய காலத்து அம்பாசடரோ வைத்திருப்பவரிடம் பட்டறையில் இப்படிச் சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். சொல்பவர் கைதேர்ந்த ஆசானாகவே இருக்கட்டும், சில கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும்.

பெடலுக்கு முன்னால், எஞ்சின் அறைச் சுவரில் இருக்கும் வட்டமான டப்பாதான் பூஸ்டர். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் ஒரு ஓஸ் வழியாக அதற்குள் போகிறது. நாம் மிதிக்கும்போது உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளும். காலின் பலத்தோடு அந்தத் தள்ளலும் சேர்ந்துதான் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. டீசல் எஞ்சினில் இந்த வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதற்கென்று தனி பம்ப் வேண்டும், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் ஏற்றும்போது அந்த பம்பை விட்டுவிட்டு, ஓஸ் வாயை ஒரு போல்ட் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. எனக்கு மிகவும் அச்சமூட்டுவது இதுதான். வெற்றிடம் இல்லாத பூஸ்டரை வைத்துக்கொண்டு ஓடும் வண்டி மேனுவல் பிரேக் வண்டி ஆகாது. நிதானமாகப் போகும்போது நிற்கும். குழந்தை குறுக்கே ஓடிவரும்போது, காலை எவ்வளவு ஊன்றினாலும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

முறையாக மாற்றுவதென்றால் வேலை பெரிது. பூஸ்டர் உள்ள வண்டியில் பெடலின் நெம்பு விகிதம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு அது ஆறுக்கு ஒன்று அளவில் இருக்க வேண்டும், ஆகவே பெடலையோ அதன் பிணைப்பையோ மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் குறைய வேண்டும். ஓர் அங்குலத்திலிருந்து முக்கால் அரைக்கால் அங்குலத்துக்கு இறக்கினால், அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30 சதவீதம் கூடும். பெடல் இறங்கும் தூரமும் அதே அளவு கூடும். புஷ் ராட் நீளம் கொஞ்சம் கூடிப்போனால் பிரேக் விடாமல் பிடித்துச் சூடாகும், குறைந்தால் பெடல் வெறுமனே இறங்கும். இதெல்லாம் முடிந்தபின் முழு லைனிலும் ஏர் எடுக்க வேண்டும். ஆக்ரிக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு சிலிண்டரைப் பொருத்தி முடித்துக்கொள்ளும் வேலை அல்ல.

1958-இல் வரத் தொடங்கிய அம்பாசடரும், பிரீமியர் பத்மினியும் பூஸ்டர் இல்லாமல் நன்றாக ஓடவில்லையா என்று கேட்பார்கள். ஓடின. அவற்றின் நாலு சக்கரத்திலும் டிரம். டிரம்முக்குள் இருக்கும் ஷூவை, சுழலும் டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க் பிரேக்குக்கு அந்த உதவி கிடையாது, முழு பலத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும். முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வண்டியில் பூஸ்டரை எடுப்பது அதனால்தான் ஆபத்து. வெள்ளறடை, காரக்கோணம் பக்கத்து இறக்கங்களில் மழை நேரத்தில் ஓட்டியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து பூஸ்டர் இல்லாமல் வந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது நியாயம். பூஸ்டரோடு வந்த வண்டிக்குப் பூஸ்டரைப் பழுது பார்ப்பதே சரி என்பது என் துணிபு.

பல நேரம் பூஸ்டர் போயிருக்கவே இருக்காது. விரிசல் விட்ட ஓஸோ, ஒருவழி வால்வோதான் காரணமாக இருக்கும். நீங்களே பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள். கடைசி மிதியை விடாமல் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. வெளியே எங்கும் கசிவு இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் கெட்டு ஆயில் பூஸ்டருக்குள் போகிறது என்று சந்தேகிக்கலாம்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாக விளக்கியது: தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் பிரேக்குக்குத் தனி வரி இல்லையே என்று சொல்லித் தப்பிக்க நினைக்க வேண்டாம். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே ஓட்டினால் 190-ஆம் பிரிவும் வரும். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. ஆகவே வேலைக்கு முன்பே கே.எல். 19 வண்டிக்காரர் பாறசாலையிலும், கே.எல். 20 வண்டிக்காரர் நெய்யாற்றின்கரையிலும் உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது.

காப்பீட்டில் இரண்டு விஷயம். உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகையை, வண்டியைச் சரியான நிலையில் வைக்கவில்லை என்று நிறுவனம் மறுக்கலாம். உங்கள் வண்டியால் அடிபட்டவரின் நிலை வேறு. நிறுவனம் எந்தக் காரணங்களைச் சொல்லிப் பொறுப்பை மறுக்கலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு வரையறுத்துவிட்டது. அடிபட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2019 திருத்தம் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்வதால் தள்ளிப்போடக் கூடாது.

பட்டறை வேலையில் ஏமாந்தவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. கேரள-தமிழ்நாட்டு எல்லைவாசிகளுக்கு இதில் பெரிய வசதி உண்டு. வேலை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ நடந்திருந்தாலும், பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். களியக்காவிளைக்காரர் இஞ்சிவிளை தாண்டி வந்து வேலை செய்வித்திருந்தால் அவருக்குக் கன்னியாகுமரி மாவட்ட ஆணையம். இரண்டாண்டு அவகாசம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915-க்கு அழைத்துப் பார்க்கலாம். பில் இல்லாமல் எதுவும் நிற்காது. என்ன பாகம், என்ன அளவு, எந்த வேலை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பூஸ்டரையும் சிலிண்டரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாளத்தில் மனு எழுத வராது என்று தயங்கவும் வேண்டாம். 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழர்கள் கேரளப் பக்கம் நின்றார்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. உள்ளூர் அலுவலகங்களில் அந்த உரிமை, சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களுக்கு மட்டும். போக்குவரத்து ஆணையர் துறைத் தலைவர். உள்ளூர் அலுவலகத்தில் உங்கள் மனு அசையாமல் கிடந்தால், திருவனந்தபுரத்தில் உள்ள அவருக்கு ஆர்.சி. நகலும் பில்லும் இணைத்துத் தமிழில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.