எடை போடாமல் எடை சொல்லும் கருவி

காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 எனும் நுண்துகள்களை அளக்கும் சென்சார் இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. உள்ளே ஒரு குட்டி விசிறி, ஒரு லேசர், ஒளியை உணரும் சில்லு ஒன்று, அவ்வளவுதான். விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் கதிரைக் கடக்கும் துகள் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறலை வைத்து, ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசி என்று கருவி கணக்குச் சொல்லிவிடுகிறது.

எடை போட்டுப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா? வினையே அங்கேதான். காற்றில் ஈரம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய துகள் கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கும். டெல்லியின் ஜனவரி மூடுபனியில் புகை கூடாமலே எண் எகிறுவது இதனால்தான். கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டா கருவி அப்படி ஏமாறுவதில்லை. இழுத்த காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கிறது. தூசியை வடிதாள் நாடாவில் படியவைத்து, பீட்டா கதிரை அது எவ்வளவு மறிக்கிறது என்று பார்க்கிறது. ஆனால் விலை பல லட்சம்.

அதனால் மலிவு சென்சாரைச் சில வாரங்கள் பீட்டா கருவியின் பக்கத்திலேயே மாட்டிவைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஒரு திருத்தச் சமன்பாடு போடுகிறார்கள். பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சாருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த சமன்பாடு, காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழித்து, 5.75-ஐக் கூட்டுகிறது. எண் பெரிதாக இருந்தால் ஏறக்குறைய பாதி காணாமல் போகிறது! அந்தச் சமன்பாட்டை அப்படியே கான்பூருக்குக் கொண்டுவருவதும் சரிப்படாது. இங்கே தூசியும் வேறு, புகையும் வேறு.

மாசை வானிலிருந்து அளக்கும் செயற்கைக்கோளின் கோளாறு வேறு மாதிரி. தரையிலிருந்து வானம் வரை நிற்கும் காற்று முழுவதும் ஒளியை எவ்வளவு மங்கச் செய்கிறது என்றுதான் அது அளக்கிறது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகையும் கணக்கில் சேரும், நாம் அதைச் சுவாசிக்காவிட்டாலும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் சென்சாரே இல்லாத ஊர்களைப் பற்றியும் அது ஏதாவது சொல்லும். அதனால் அந்த அளவோடு வானிலைத் தரவையும் சேர்த்து, தரை சென்சார்களின் எண்களோடு ஒப்பிட்டு மாசு வரைபடம் தயாரிக்கிறார்கள்.

செயற்கைக்கோளுக்கு நேரமும் ஒரு பிரச்சினை. அறுவடைக்குப் பின் வைக்கும் வயல் தீயைக் கண்டறியும் சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் பகலில் பஞ்சாபைக் கடப்பது பிற்பகல் 1:30 வாக்கில். அதன் பிறகு வைக்கும் தீ பல அதன் கணக்கில் வருவதில்லை. ஒரே இடத்தின் மேல் நின்று 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களில்தான், மாலை நெருங்க நெருங்க வயல்கள் பற்றியெரிவது தெரிந்தது. கிராமத்தில் ஒரு சென்சார் இருந்தால், காற்று அந்தப் பக்கம் வீசும்போது அந்தப் புகையும் அதில் பதிவாகும், ராத்திரியானாலும்.