யாழ்ப்பாணத்து வளவுக்கு எந்தக் கிறிஸ்மஸ் மரம்?

யாழ்ப்பாணத்தில் பிள்ளையைக் கட்டிக் கொடுத்தவர்களும், சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களும் மலையிலிருந்து ஒரு சைப்ரஸ் கன்றைப் பையில் வைத்துக் கொண்டு போவதுண்டு. பங்களா வேலியில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிறதே, அங்கேயும் நிற்கும் என்று நினைப்பு. அநேகமாக நிற்காது. காரணத்தைச் சொல்கிறோம்.

சைப்ரஸ் குளிருக்குப் பழகிய மரம். யாழ்ப்பாணத்திலோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் நல்ல மழை. பிறகு மாதக்கணக்கில் வெயில், வைகாசியிலிருந்து சோளகக் காற்று. மண்ணும் வேற. கவ்வாத்து வெட்டிய மலைக்கு, மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுகிறோம் அல்லவா? அங்கே செம்பாட்டு மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. தேயிலை மண்ணில் பிறந்த கன்று அதில் மஞ்சளாகிப் போகலாம்.

அந்த வளவுக்கு ஏற்றது அரோகேரியா. கிளைகள் தட்டுத் தட்டாக, குடை விரித்தது போல நிற்குமே, அதுதான். பசிபிக் கடலில் உள்ள நோர்போக் தீவு இதன் சொந்த இடம். கப்டன் குக் 1774இல் அங்கே போனபோது இந்த மரங்களைக் கண்டு குறித்து வைத்தார். கடற்கரையில் வளர்ந்த மரமானதால் உப்புக் காற்றைத் தாங்கும்.

கன்று வாங்கும்போது தண்டு நேராக இருக்கிறதா, சுற்றிவரக் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கக் கிளையை ஒட்டி வளர்த்த கன்று சாய்ந்தே வளரும். முதல் மாரி மழையோடு நடுங்கள். இரண்டடிக் குழி, மக்கிய மாட்டெரு, காய்ந்த இலை போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் கரண்ட் கம்பிக்கும் இருபது அடியாவது தள்ளி வையுங்கள். இது சின்ன மரமல்ல. முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஒரு கிடுகு கட்டி, வாரம் இரண்டு தரம் அடிமண் நனைய ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். காற்றில் வரும் உப்பைத் தாங்கும் மரந்தான், ஆனால் வேருக்குச் சவர்த் தண்ணீர் ஆகாது.

இன்னொன்று. நம்ம கைக்கு நுனியைக் கண்டால் வெட்டப் பழக்கம். அரோகேரியாவின் நுனியைத் தொடாதீர்கள். தேயிலை போல அது தழைத்து வராது, மரத்தின் அழகே கெட்டுவிடும்.

கடலோர மணல் காணி, தண்ணீருக்கும் கஷ்டம் என்றால் சவுக்கு வையுங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் கிரவிலியாவையும் நாம் சவுக்கு, சபுக்கு என்கிறோம். அது வேற, இது வேற. காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் பெயர் தந்தது இந்தச் சவுக்குத்தான். பார்க்க ஊசியிலை மரம் போல இருந்தாலும் அந்த இனம் இல்லை. ஊசி போலிருப்பது இலையே அல்ல, மெல்லிய குச்சி. பிள்ளைகளிடம் ஒன்றைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள், கணுக் கணுவாகக் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றிப் பல்லுப் போல இருப்பதுதான் இலை. இதன் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வைப்பதால் வெறும் மணலிலும் பிழைக்கும். உதிர்ந்த சருகு சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம்.

கிறிஸ்மஸுக்குச் சோடிக்கக் கிளை வேணும் என்றால் சவுக்கில் ஒன்றை வெட்டுங்கள். அரோகேரியாவில் வெட்டிய கிளை அந்த இடத்தில் திரும்ப வராது.