மருத்துவமனைகளில் செவிலியர் தன்னாட்சி

உள்நோயாளியை மருத்துவர் நாள்தோறும் சில நிமிடங்களே பார்வையிடுகிறார். எஞ்சிய நேரம் முழுவதும் நோயாளி செவிலியரின் கண்காணிப்பில் இருக்கிறார். ஆயினும், இரவுப் பணிக்கு எத்தனை பேர் தேவை, எந்தக் கருவியை வாங்குவது என்பனவற்றை முடிவு செய்யும் கூட்டங்களில் செவிலியருக்குப் பெரும்பாலும் இடமில்லை. பொறுப்பு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருக்கும் இந்நிலையை மாற்றுவதே செவிலியர் தன்னாட்சியின் நோக்கமாகும்.

சட்டத்தின் எல்லை

தொழில் அளவிலான தன்னாட்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1908-இல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தோன்றியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இந்திய நர்சிங் கவுன்சில் அமைந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையம் ஒன்றை நிறுவும் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் இச்சட்டங்கள் கல்வி, பதிவு, தொழில் ஒழுக்கம் ஆகியவற்றையே முதன்மையாக நெறிப்படுத்துகின்றன. வார்டின் அன்றாட நிர்வாகம் அந்தந்த மருத்துவமனையின் கையில்தான் உள்ளது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை நிலவிய காலத்தில், அவர்களை ஈர்த்துத் தக்கவைத்துக்கொண்ட 41 மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வு 1983-இல் வெளியாயிற்று. முடிவுகளில் செவிலியருக்குப் பங்களித்தமை அவற்றின் பொதுப் பண்புகளுள் ஒன்றெனத் தெரியவந்தது. அதன் அடிப்படையில் பின்னர் தரச்சான்றுத் திட்டமும் உருவாயிற்று.

செயல்படும் முறை

ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் தம்முள் சிலரைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைப்பர். பணிமுறைப் பட்டியல், பணி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறை, மருந்து தருவதில் நேரும் பிழைகள், படுக்கைப் புண் தடுப்பு ஆகியவற்றை இக்குழு ஆராய்ந்து முடிவெடுக்கும். நிதி தேவைப்படுபவை மருத்துவமனை அளவிலான குழுவிற்குச் செல்லும். நோய் நிர்ணயமும் சிகிச்சையும் மருத்துவரின் பொறுப்பாகவே இருக்கும். ஊதியம் போன்ற கோரிக்கைகளை எழுப்பும் தொழிற்சங்கத்திற்கு இக்குழு மாற்றாகாது.

இன்றியமையாத தேவைகள்

குழுவின் அதிகாரம் எதுவரை என்பது எழுத்துப்பூர்வமான ஆணையில் இடம்பெற வேண்டும். கூட்டங்கள் பணி நேரத்திற்குள்ளேயே நடைபெற வேண்டும். பரிந்துரையை ஏற்க இயலாதபோது நிர்வாகம் குறித்த காலத்திற்குள் காரணம் கூற வேண்டும். அனைத்திற்கும் மேலாக, போதிய ஆட்கள் வேண்டும். ஒருவரே பெருந்தொகையான நோயாளிகளைக் கவனிக்கும் வார்டில் கூட்டத்திற்குச் செல்வதும் இயலாது. முடிவைச் செயற்படுத்துவதும் இயலாது.

பிழையைக் கண்டவர் தண்டனைக்கு அஞ்சி மறைத்தால், அதே பிழை அடுத்த நோயாளிக்கும் நேரும். அதனை வெளிப்படையாகக் கூறித் திருத்தும் உரிமை செவிலியருக்குக் கிடைக்குமாயின், அதன் முதற்பயன் நோயாளியையே சேரும்.