உங்களுக்குத் தெரியுமா? – எஞ்சின் போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம்?

அரியாங்குப்பத்திலிருந்து பாண்டிக்கும் கடலூருக்கும் தினமும் பைக்கில் போய்வருகிறவர்களில் பலர், ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் "நல்லா டைட் பண்ணிட்டேன்" என்பது ஓர் அளவு ஆகாது. எஞ்சினில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதுதான் டார்க்.

● பத்து செ.மீ. நீளப் பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு, ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். எஞ்சின் மூடிகளில் இருக்கும் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். 15 செ.மீ. ஸ்பானரில் இதற்கு 7 கிலோ இழுப்புகூட வேண்டாம். அதே ஸ்பானரை 20 கிலோ பலத்தில் இழுத்தால் 29 நியூட்டன் மீட்டர், அதாவது தேவையைப்போல மூன்று மடங்கு.

● 6 மி.மீ. போல்ட் ஒன்றை எண்ணெய் படாத மரையில் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அது இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் அழுத்தம் சுமார் 800 கிலோ. ஒற்றை போல்ட்டின் வேலை இது.

● பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் போல்ட், 10 மி.மீ. போல்ட் அல்ல! ஸ்பானர் எண் தலையின் அகலத்தைச் சொல்கிறது. டார்க் அட்டவணையோ மரையின் விட்டத்தைச் சொல்கிறது. பத்தாம் நம்பர் தலைக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது 6 மி.மீ. மரைதான். ஹோண்டா கம்பெனியின் பொது அட்டவணையில் சாதாரண போல்ட்டுகளுக்கு 6 மி.மீ. என்றால் 10, 8 மி.மீ. என்றால் 22, 10 மி.மீ. என்றால் 34, 12 மி.மீ. என்றால் 54 நியூட்டன் மீட்டர். வரி மாறிப் படித்து 6 மி.மீ. போல்ட்டை 34-க்கு இறுக்கினால் போல்ட் அறுந்துபோகும், இல்லாவிட்டால் அலுமினிய மரை உரிந்து வரும். இந்தப் பொது அட்டவணையும், தனியாக அளவு குறிப்பிடாத போல்ட்டுகளுக்கு மட்டுமே.

● எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அலகையும் பார்க்க வேண்டும். 1 கிலோகிராம் விசை மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். பழைய ஆங்கிலேய வண்டிகளின் புத்தகங்களில் வரும் 1 பவுண்டு-அடி, 1.36 நியூட்டன் மீட்டர். பவுண்டு-அங்குலம் என்று இன்னொன்றும் உண்டு. அது பவுண்டு-அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அலகு மாறினால் எஞ்சினே போய்விடும்.

● பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டு நிறுவனமும் 1955-ல் கைகோத்து, பின்னர் சென்னை திருவொற்றியூரில் புல்லட் 350 தயாரிக்கத் தொடங்கின. அந்தக் காலத்து இரும்பு சிலிண்டர் எஞ்சின் வேறு. 2009-ல் வந்த கிளாசிக் 350-ன் எஞ்சின் வேறு. 2021-ல் கிளாசிக்கிலும் 2023-ல் புல்லட்டிலும் ஏறிய ஜே வரிசை எஞ்சின் முற்றிலும் வேறு. பக்கத்து வீட்டு புல்லட்டின் கணக்கு உங்கள் புல்லட்டுக்குப் பொருந்தும் என்று நம்பி இறங்காதீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதம், வருடத்தைப் பார்த்து, அதற்குரிய புத்தகத்தைத் தேடுங்கள்.

● வண்டியோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் எல்லா அளவும் இருக்காது. ஆயில் போல்ட் போன்ற ஒருசில மட்டும் இருக்கலாம். ஹெட், கிளட்ச், மேக்னெட் நட் எல்லாம் இருப்பது மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மேனுவலில். ஓனர்ஸ் மேனுவல் தொலைந்திருந்தால் பல கம்பெனிகளின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மற்ற அளவுகளை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வையுங்கள்.

● நாம் முறுக்கும் பலத்தில் சுமார் 90 சதவீதத்தை உராய்வே தின்றுவிடுகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது சுமார் 10 சதவீதம்தான். வீராம்பட்டினத்துக் கடல் காற்று வீசும் நம் பகுதியில் இதை மறக்கவே கூடாது. துருவேறிய மரையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) சரியான அளவைக் காட்டும், ஆனால் பிடிப்பு குறைவாக இருக்கும். துருவுக்குப் பயந்து கிரீஸ் தடவினாலோ, அதே அளவில் பிடிப்பு எகிறி போல்ட் இழுபட்டுப்போகும். அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் "எண்ணெய் தடவுக", "லாக் பசை இடுக" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் மரையைச் சுத்தமாகத் துடைத்து, உலர்வாகவே போடுங்கள்.

● வீட்டில் அதிகம் பாழாவது ஆயில் போல்ட்டின் மரை. போல்ட் எஃகு, அது ஏறும் எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். அதனால் தோற்பது எப்போதும் எஞ்சின்தான். போல்ட்டை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். தடை தட்டினால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள். வாஷர் நசுங்கித்தான் ஆயிலை அடைக்கிறது. பழைய வாஷரோடு கசிவை நிறுத்தப்பார்த்து மேலும் மேலும் இறுக்குவதால்தான் மரை போகிறது. ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

● வாஷர் உள்ள புது ஸ்பார்க் பிளக்கை விரலால் முழுக்க ஏற்றியபின் ஸ்பானரில் அரைச் சுற்று முதல் முக்காலுக்குள் இறுக்கினால் போதும். சரியான கணக்கு பெரும்பாலும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். கழற்றிய பிளக்கையே திரும்பப் போடும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான். இரண்டுமே எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டியவை.

● சிலிண்டர் ஹெட் நட்டுகளை வரிசையாக இறுக்கினால் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று கட்டமாக முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

● டார்க் ரெஞ்சை 1918-ல் தாம் கண்டுபிடித்ததாகச் சொன்னவர் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார். குழாய் போல்ட்டுகள் அளவுக்கு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதே அவர் நோக்கம்.

● "டிக்" சத்தம் எழுப்பும் ரெஞ்ச், அளவுத்தட்டின் அடிமட்டத்தில் நம்பகமானதல்ல. 100 வரை போகும் ரெஞ்சில் 10 வைத்து இறுக்காதீர்கள். சின்ன போல்ட்டுகளுக்குச் சின்ன ரெஞ்ச் வேண்டும். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். "டிக்" கேட்டபின் இன்னொரு இழுப்பு வேண்டவே வேண்டாம். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789, 12 மாதம் அல்லது 5,000 முறை பயன்படுத்தியபின் ரெஞ்சைச் சோதிக்கச் சொல்கிறது.

● மரை போய்விட்டால் எஞ்சின் பாகத்தையே மாற்றத் தேவையில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் மரை பதித்துப் பழைய அளவு போல்ட்டையே போடலாம். எம்-சீல் பூசிச் சமாளிக்காமல், நல்ல லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள்.

ஆகவே, ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எண், அலகு, மரை உலர்வாகவா எண்ணெயோடா. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த போல்ட்டைக் கழற்ற வேண்டாம். அளவு கையில் கிடைத்த பிறகு கழற்றுங்கள்.