ஒரு வீடு, ஒரு கம்பி, ஆறு பேர்

புலம்பெயர்ந்த நாட்டில் ஒரே வீட்டைப் பலர் பங்கிட்டு வாழ்வது நம்மவர்க்குப் புதியதன்று. அறைக்கு இருவராகவும் சில வீடுகளில் மூவராகவும், வாடகையைப் பிரித்துக் கொடுத்து வாழ்கின்றோம். குளிர்சாதனப் பெட்டியில் எவருக்கு எந்தத் தட்டு, காலையில் குளியலறை எவருக்கு எப்போது, குப்பையை வெளியே வைப்பது எவர் முறை என்பனவற்றுக்கெல்லாம் எழுதாத சட்டங்கள் உள்ளன. ஆனால் அனைவரும் நாள் முழுதும் பயன்படுத்தும் ஒன்றுக்கு மட்டும் சட்டம் எதுவும் இல்லை. அதுதான் இணைய இணைப்பு.

சட்டம் இல்லாத இடத்தில் வலியவரின் வழக்கமே சட்டமாகிவிடுகின்றது. வங்கிக் கணக்கும் வதிவிட அனுமதியும் உள்ளவரே பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றார். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கின்றது. அண்மையில் வந்திறங்கியவர் அவரது தயவில் இருக்கின்றார். மாலையில் திரைப்படம் ஓடும்போது தன் சட்டத்தரணியின் அழைப்பு அறுந்துபோனாலும், “அண்ணை, கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்கோ” என்று கேட்க அவருக்கு வாய் வருவதில்லை.

இதனைச் சிறு விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 இல் கொவிட் பெருந்தொற்றுப் பரவிய பின்னர், பிரித்தானியாவின் குடிவரவுத் தீர்ப்பாயம் விசாரணைகள் பலவற்றைக் காணொளி வழியாக நடத்தியது. சட்டத்தரணிகள் மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் தொலைவிலிருந்தே வாக்குமூலம் பெறுவதும் பரவலாயிற்று. வாக்குமூலத்தில் ஒரு திகதி பிழையாகப் பதியப்பட்டால், பின்னர் நேர்காணலில் சொல்வது அதற்கு முரணாகத் தோன்றும். அகதி வழக்குகளில் ஒருவரது நம்பகத்தன்மை இத்தகைய சிறு முரண்களிலேயே அடிபடுகின்றது. குரல் விட்டுவிட்டுக் கேட்ட ஒரு மணி நேரம், பல ஆண்டுக் காத்திருப்பை வீணாக்கிவிடக் கூடும்.

வேகமா, வரிசையா?

“இணைப்பு வேகம் போதாது, கூடப் பணம் கட்டி வேகமானதை எடுப்போம்” என்பதே வீடுகளில் வழமையாகக் கேட்கும் தீர்வு. ஆனால் குற்றம் பல வேளைகளில் வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கின்றது.

பல தெருக்களுக்குக் கண்ணாடியிழை வந்துவிட்டபோதிலும், பழைய வாடகை வீடுகள் சிலவற்றில் இன்னமும் செப்புக் கம்பியே உள்ளது. அதில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பின் முதலெழுத்தே ‘சமச்சீரற்றது’ என்பதைக் குறிக்கின்றது. அதன் மேம்பட்ட வகையிற்கூட, உச்ச அளவில் நொடிக்கு 24 மெகாபிற் வரை வீட்டுக்குள் இறங்கலாம். வீட்டிலிருந்து வெளியே ஏறுவதோ ஏறத்தாழ 1 மெகாபிற் மட்டுமே. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளியிருக்க, இந்த அளவும் குறையும்.

ஒடுக்கமான இந்த ஏறுபாதையை நிரப்புபவர் பெரும்பாலும் அதனை அறிவதில்லை. திருமண வீட்டுக்குச் சென்று இருநூறு படங்களுடன் திரும்பும் ஒருவரின் கைத்தொலைபேசி, வீட்டு இணைப்பைக் கண்டவுடன் அவற்றைத் தானாகவே சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கும். அவரோ உறங்கிக்கொண்டிருப்பார்.

அந்தப் படங்கள் ரவுற்றர் பெட்டிக்குள் வரிசையில் நிற்கின்றன. அப்பெட்டியின் வரிசையில் 250 கிலோபைற் தரவு தேங்கி நிற்பதாகக் கொள்வோம். அது 2,000 கிலோபிற். நொடிக்கு 1,000 கிலோபிற் மட்டும் ஏறும் கம்பியில் அது கரைந்து முடிய 2 நொடிகள் ஆகும். அவ்வேளையில் அடுத்த அறையிலிருப்பவர் “ஓம்” என்று சொன்னால், அந்த ஒரு சொல்லும் வரிசையின் கடைசியில் நின்று, 2 நொடி கழித்தே வெளியேறும். குரல் அழைப்பொன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 100 கிலோபிற்றே. ஆகவே இடம் இல்லாமற் போகவில்லை, முறைதான் வரவில்லை. உரையாடல் இயல்பாக அமைய, ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 2 நொடி என்பது அதன் பதின்மூன்று மடங்கு.

அறிஞர் கண்ட வழி

இந்த நெரிசல் நம் வீடுகளில் மட்டும் நேர்ந்ததன்று. 1986 ஒக்ரோபரில் கலிபோர்ணியாவில், 400 யார் இடைவெளியே கொண்ட லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிற்றாக இருந்த தரவோட்டம் 40 பிற்றாக வீழ்ந்தது. எல்லோரும் ஒரே வேளையில் முண்டியடித்ததே காரணம். பொதிகள் தொலைவதைக் கண்டதும் அனுப்புபவர் தானாகவே வேகத்தைக் குறைக்கும் முறையை, வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். ஆனால் பின்னாளில் பெட்டிகளின் நினைவகம் மலிந்து, வரிசைகள் மிக நீண்டன. பொதி தொலையாமல் வரிசையிலேயே கிடந்ததால், அனுப்புபவருக்கு நெரிசல் தெரியவில்லை.

இதற்கு மாற்று முன்னரே முன்மொழியப்பட்டிருந்தது. அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சுற்று முறையில் ஒவ்வொரு பொதியாக விடவேண்டும் என்று ஜோன் நேகிள் 1985 இல் எழுதினார். நீண்ட வரிசையைக் கட்டுப்படுத்தும் முறையொன்றை கத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012 இல் வெளியிட்டனர். இவ்விரு எண்ணங்களும் இணைந்த முறை 2018 இல் இணையப் பொறியியலாளரின் ஆவணத் தொடரில் இடம்பெற்றது. இன்று சில ரவுற்றர்களில் அது ‘எஸ்.கியூ.எம்.’ என்ற பெயரில் உள்ளது. அளந்து கண்ட வேகத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எல்லையாக இட்டு அதனை இயக்கினால், நெரிசல் நம் பெட்டியின் கட்டுக்குள் வரும். மெலிந்த குரல் அழைப்புப் பெருந்தரவின் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

பொறிக்குத் தெரியாதது

ஆயினும் பொறி அறிந்தது பொதிகளை மட்டுமே. எது திரைப்படம், எது ஒருவரது வழக்கு என்பதை அது அறியாது. அதனை வீட்டார்தான் அறிய வேண்டும். நாம் பரிந்துரைப்பவை இவை:

முதலாவது, சட்டத்தரணி, வைத்தியர், விசாரணை, பரீட்சை ஆகியவற்றுக்கான நேரங்களைச் சமையலறைச் சுவரில் ஒரு தாளில் எழுதுக. அந்நேரத்தில் ஏனையோர் பெருந்தரவை நிறுத்துக. எழுதியவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தம் வழக்கைப் பிறர் அறிவதை எவரும் விரும்பார்.

இரண்டாவது, படங்களின் தானியங்கிச் சேமிப்பை ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியில் நிறுத்தி வைத்து, இரவில் இயக்குக. இரவு வேலை செய்பவர் உள்ள வீட்டில், அவர் ஊருடன் பேசும் நேரத்தையும் தாளில் எழுதுக.

மூன்றாவது, மாலையில் திரைப்படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்க. உயர்தெளிவுப் படம் ஒன்றுக்கு நொடிக்கு 5 மெகாபிற் வேண்டும். சாதாரணத் தெளிவுக்கு 1 மெகாபிற்றளவே போதும்.

நான்காவது, முக்கிய அழைப்பில் இருப்பவருக்கு ரவுற்றருக்கு அருகிலுள்ள இடத்தைக் கொடுக்க. கணினியாயின் கம்பியில் இணைக்க. கம்பியில்லா அலையும் பங்கிடப்படுவதே. ஒரு வேளையில் ஒருவர் பேசவே அது இடம் தரும்.

ஐந்தாவது, கட்டணத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதே பொது வழக்கம். ஆயினும் பிரித்தானியாவில் புகலிடம் கோருவோர்க்குப் பொதுவாக வேலை அனுமதி இல்லை என்பதை மறக்கலாகாது. அவரது பங்கைக் குறைப்பது தானம் அன்று. முன்பு வந்தவர் பின்பு வந்தவர்க்குச் செய்யும் கடமை.

இறுதியாக, கடவுச்சொல் பற்றி. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல பங்குக் கிணறுகள். உறுதி எழுதும்போது காணியோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படும். இறைப்புக்கு நாள் முறை உண்டு. கிணறு எவரது வளவில் இருந்தாலும், பங்காளிகளிடையே பேச்சுவார்த்தை அற்றுப்போனாலும், மற்றவர் தண்ணீருக்கு வரும் வழியை அடைக்க அவருக்கு உரிமை இல்லை. இணைப்பும் அத்தகையதே. ஒப்பந்தம் ஒருவரது பெயரில் இருக்கலாம். கட்டணம் கொடுப்போர் அனைவரும் அதில் பங்காளிகள். கோபத்தில் கடவுச்சொல்லை மாற்றுபவர் தாம் அடைப்பது எவரது வழியை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகைக் கணக்கை எழுதும் நாளில், இந்த முறையையும் எல்லோரும் கூடியிருந்து எழுதிவிடுதல் நன்று. பேசத் தயங்குபவருக்கு அந்தத் தாளே துணையாக நிற்கும்.